ஆட்டு முகத்திலும் குரங்கு முகத்திலும் நம்ம முகம் தெரிவது ஏன்?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சோளிங்கர் பெரிய மலையில் படியேறும்போது பார்த்த ஒரு குரங்கின் முகம் தன் பெரியப்பாவை உரித்து வைத்த மாதிரி இருந்ததாம். வீட்டில் வளர்க்கும் கிடாவுக்கும் நாய்க்கும்கூட அடிக்கடி ஒரு மனுச முகம் தெரிகிறதாம். இது நம் கற்பனையா, நிஜமாகவே ஒற்றுமை இருக்கிறதா, இருந்தால் அது எப்படி வந்தது? சிங்க முகம், மாட்டு முகம் என்று ஆளின் முகத்தை வைத்துக் குணம் சொல்கிறார்களே, அதில் உண்மை உண்டா? இதுதான் கேள்வி.

கற்பனையும் உண்டு, நிஜமும் உண்டு தம்பி. எலும்பு, நரம்பு, தசை எல்லாம் ஒரே வரிசையில் அமைந்திருப்பது நிஜமான ஒற்றுமை. அதற்கு மேல், எதைப் பார்த்தாலும் முகம் தேடும் நம் மூளை தன் பங்கைச் சேர்க்கிறது. எது எந்தப் பங்கு என்று பிரித்துப் பார்க்காவிட்டால் உங்கள் கடைசிக் கேள்வியில் தடுமாறிப் போவோம். நான் கால்நடை மருத்துவன், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மாடும் ஆடுமாகவே என் காலம் போனது, அதனால் நான் சொல்லும் உதாரணங்களும் பெரும்பாலும் தொழுவத்திலிருந்துதான் வரும்.

எலும்பிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதை நீங்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அடுத்த முறை தலைக்கறி வாங்கும்போது, துண்டு துண்டாக வெட்டாமல் நடுவில் இரண்டாக மட்டும் பிளந்து தரச் சொல்லுங்கள். கறி வெந்து கழன்ற பிறகு எலும்பைக் கழுவித் தட்டில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதையும் இன்னொரு கையால் உங்கள் முகத்தையும் தடவிப் பாருங்கள். உங்கள் கண்ணைச் சுற்றி ஒரு முழு எலும்பு வளையம் தட்டுப்படும், ஆட்டுக்கும் அதே முழு வளையம் உண்டு (நாய்க்கு அந்த வளையம் வெளிப்பக்கத்தில் எலும்பாக மூடாது, ஒரு நார்தான் அடைத்திருக்கும்). கண்ணுக்குக் கீழே காதை நோக்கிப் போகும் கன்ன எலும்பு உங்களுக்கும் உண்டு, அதற்கும் உண்டு. மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தில் உங்களுக்கு இருப்பது சின்னதாக இரண்டு எலும்புகள், அதே இரண்டும் ஆட்டில் நீளமாகி முகத்தின் மேல்பக்கம் முழுவதும் ஓடுகின்றன. கண்ணின் உள்மூலையில் கண்ணீர் வடியும் குழாயைத் தாங்கும் எலும்பு நமக்குச் சுண்டுவிரல் நகம் அளவுதான், ஆட்டில் அதுவே கன்னத்தில் அகலமாகப் பரந்திருக்கும். நெற்றி எலும்பு ஆட்டுக்கு இரண்டு, கொம்பு முளைப்பது அதிலிருந்துதான். நமக்கும் பிறக்கும்போது இரண்டு, அப்புறம் குழந்தைப் பருவத்திலேயே ஒட்டி ஒன்றாகிவிடுகிறது. கீழ்த்தாடையும் அப்படித்தான், நமக்கு முதல் வயதுக்குள் நடுவில் ஒட்டிக்கொள்கிறது, ஆட்டில் முழுசாக ஒட்டாமலே இருப்பதால்தான் வெந்த பிறகு இரண்டாகக் கழன்று வருகிறது. எலும்புகளின் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றே. எது நீண்டது, எது சுருங்கியது, எது ஒட்டியது என்பதில்தான் ஆடும் ஆளும் வேறாகிறார்கள்.

ஒரு காலத்தில் இதை ஒத்துக்கொள்ளப் பெரிய படிப்பாளிகளுக்கே மனம் வரவில்லை. ஆட்டின் மேல்தாடை நுனியைப் பாருங்கள், மற்ற எலும்பிலிருந்து ஒரு கோட்டால் பிரிந்த தனி எலும்பாக இருக்கும். நாய், குரங்கு எல்லாவற்றுக்கும் அது உண்டு. மனிதனுக்கு அந்த எலும்பு கிடையாது, விலங்கிலிருந்து மனிதன் வேறானவன் என்பதற்கு அதுவே அடையாளம் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேத்தே என்ற ஜெர்மன் மகாகவியை நாம் கவிஞராக மட்டும்தான் கேள்விப்பட்டிருப்போம், அவர் மண்டையோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1784-ல் மனித மேல்தாடையிலும் அந்த எலும்பின் தடத்தைக் கண்டுபிடித்தார். நமக்கும் அது இருக்கிறது, கருவிலேயே பக்கத்து எலும்போடு ஒட்டிவிடுவதால் கண்ணில் படுவதில்லை. குழந்தையின் மண்டையோட்டில் முன்பற்களுக்குப் பின்னால் மேல் அண்ணத்தில் மெல்லிய கோடாக அந்த ஒட்டு தெரியும். பிரான்சில் விக் டாசிர் என்பவரும் அதே காலத்தில் தனியாக இதைக் கண்டார்.

எலும்பைவிட எனக்கு நெருக்கமான சாட்சி நரம்பு. கன்று போட்ட கறவை மாடு பால் சுரம் வந்து எழுந்திருக்க முடியாமல் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கும்போது, தலைக்கயிற்றின் முடிச்சோ இரும்பு வளையமோ கன்னத்தில் மணிக்கணக்கில் அழுந்தினால், மாடு தேறி எழுந்த பிறகும் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். கெட்ட பக்கத்து உதடு தொங்கும், மூக்கும் வாயும் நல்ல பக்கமாக இழுபடும், மேய்ந்த தீனி கெட்ட கன்னத்துக்குள் அடைத்துக்கொண்டு ஒழுகும். முகவாதம் வந்த மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? வாய் நல்ல பக்கம் இழுத்துக்கொள்ளும், சோறு கன்னத்துக்குள் தங்கும். இரண்டிலும் பாதிக்கப்பட்டது ஒரே நரம்பு, மூளையிலிருந்து புறப்படும் ஏழாவது நரம்பு, இரண்டிலும் காதுக்குக் கீழே வெளிவந்து கன்னத்தில் கிளைவிடுகிறது. மாட்டுக்காரர் "பேய் அறைஞ்சிடுச்சு" என்பார், நான் கயிற்றைத் தளர்த்தி மாட்டைப் புரட்டிப் படுக்க வைப்பேன். அழுத்தத்தால் வந்ததென்றால் பெரும்பாலும் நாளாக ஆகச் சரியாகிவிடும்.

சரி, ஏன் இப்படி ஒரே அமைப்பு? இதற்குக் கருவுக்குள் போக வேண்டும். மனிதக் கருவில் நாலாவது வார வாக்கில் முகம் என்று ஒன்று இருக்காது, வாய் வரப்போகும் பள்ளத்தைச் சுற்றி ஐந்து மேடுகள்தான் இருக்கும். மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. இவை வளர்ந்து நடுவை நோக்கி வந்து ஒன்றோடு ஒன்று ஒட்டுகின்றன. தலையின் இரு பக்கத்திலும் தொடங்கும் கண்கள் முன்பக்கம் வருகின்றன, கழுத்தோரம் தொடங்கும் காது மேலே ஏறுகிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் முகம் முகமாகிவிடும். ஆடு, மாடு, நாய், கோழி, பல்லி எல்லாவற்றுக்கும் இதே ஐந்து மேடுகள்தான். மேல் உதட்டுக்கு நடுவில், மூக்குக்குக் கீழே, ஒரு சின்ன பள்ளம் ஓடுகிறதே, அந்த மேடுகள் கூடிய இடம் அதுதான். நாயின் மூக்கு நுனியிலிருந்து உதடு வரை வரும் கோடும் அதே இடம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடுகள் சரியாக ஒட்டாமல் போனால் வருவதுதான் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும். குழந்தைக்கு வருவது அதே இடத்தில் கன்றுக்கும் வருகிறது. பிறந்த கன்று மடியில் வாய் வைத்ததும் குடித்த பால் மூக்கு வழியாக வந்தால் நாங்கள் முதலில் வாயைத் திறந்து அண்ணத்தைத்தான் பார்ப்போம். கன்றுக்கு இது வந்தால் யாரும் பசுவைக் குறை சொல்வதில்லை. ஆனால் குழந்தைக்கு வந்தால் மட்டும் "கிரகணத்தில் வெளியே போனாளா, அரிவாள்மனையைத் தொட்டாளா" என்று பெற்றவளைக் குடைவார்கள். இது கொடுமை. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பரம்பரை, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் சாப்பிட்ட சில மருந்துகள், ஊட்டச்சத்துக் குறைவு என்று பல காரணங்கள் சேர்ந்து, அந்தச் சில வாரங்களுக்குள், பல சமயம் கர்ப்பம் என்றே அவளுக்குச் சரியாகத் தெரியும் முன்பே நடந்து முடிந்துவிடும் விஷயம் இது. உதட்டுப் பிளவை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் அறுவை சிகிச்சையில் சரி செய்துவிடுகிறார்கள். வீட்டில் அப்படிப் பிறந்தால் முதல் வேலை குழந்தைக்குப் பால் இறங்குகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்ப்பதும் டாக்டரிடம் கொண்டுபோவதும்தான்.

முகத்தைக் கட்டும் செல்களுக்கு நியூரல் கிரெஸ்ட் செல்கள் என்று பெயர். வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் 1868-லேயே கோழிக் கருவில் அந்தப் பகுதியைக் கண்டு எழுதினார். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாயின் மேல் ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து நடந்து வந்து முக எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறுகின்றன. எந்த முகம் வரவேண்டும் என்ற கணக்கில் பெரும்பகுதி இந்த செல்களுக்குள்ளேயே இருக்கிறது என்பதை 2003-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையில் காட்டினார்கள். காடைக் கருவின் நியூரல் கிரெஸ்ட் செல்களை எடுத்து வாத்துக் கருவில் வைத்தார்கள். வாத்துக்குக் காடையின் குட்டை அலகு வந்தது. மாற்றி வைத்தபோது காடைக்கு வாத்தின் அகன்ற அலகு வந்தது. கட்டும் முறை இரண்டுக்கும் பொது, அளவும் நேரமும்தான் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

பள்ளிப் புத்தகங்களில் மீன், கோழி, மனிதக் கருக்களை வரிசையாக வரைந்து, ஆரம்பத்தில் எல்லாம் அச்சு அசலாக ஒன்றே என்று போட்டிருந்த படம் ஞாபகம் இருக்கிறதா? ஹெக்கல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1874-ல் வெளியிட்ட படங்களின் வழி வந்தது அது. அவர் ஒற்றுமையைக் கொஞ்சம் கூட்டியே வரைந்தார். மனிதக் கரு மீனாக இருந்து பிறகு மனிதனாகிறது என்பதெல்லாம் தவறு. தொண்டைப் பக்கம் வளைவுகள் வருகின்றன, உண்மைதான், ஆனால் அவை நமக்கு ஒருபோதும் செவுளாக இருந்ததில்லை. மீனில் செவுளாகும் அதே வகை வளைவுகள் நமக்குத் தாடையாகவும் காதுக்குள் உள்ள சிறு எலும்புகளாகவும் தொண்டையாகவும் ஆகின்றன. ஊர்வனவற்றில் தாடை மூட்டாக இருந்த இரண்டு எலும்புகள்தான் நம் காதுக்குள் சுத்தியும் பட்டடையுமாக உட்கார்ந்து சத்தத்தைக் கடத்துகின்றன.

எவ்வளவு பழைய அமைப்பு இது? 2013-ல் சீனாவின் யுனான் பகுதியில் கிடைத்த என்டெலோக்னாதஸ் என்ற மீன் புதைபடிவத்தை விவரித்தார்கள். சுமார் 42 கோடி ஆண்டுகள் பழையது, ஒரு சாண் நீளம், மேலெல்லாம் எலும்புக் கவசம். அதன் வாயோரத்தில் இருந்த தாடை எலும்புகள் நம் மேல்தாடை, கீழ்த்தாடை எலும்புகளுக்கு நேர் முன்னோடிகள். அது கிடைக்கும் வரை, இந்த எலும்புகள் பிற்காலத்து மீன்களில்தான் தோன்றின என்று நினைத்திருந்தார்கள். முகத்தின் இந்த வரிசைக்கு அடியில் ஒரு எளிய காரணமும் உண்டு. முன்னோக்கி நகரும் பிராணிக்கு இரை முன்னால்தான் வரும், அதனால் வாய் முன்னால். வாய்க்குள் போவதை முகர்ந்து பார்க்க வேண்டும், அதனால் மூக்கு வாய்க்குப் பக்கத்தில். தூரத்தில் வருவதைப் பார்க்கக் கண் அதற்கு மேலே, மூளைக்குக் கிட்டத்தில். இந்த வரிசை ஒருமுறை அமைந்த பிறகு முதுகெலும்புள்ள வம்சங்கள் பெரும்பாலும் அதைக் கலைக்கவில்லை.

வெட்டுக்கிளிக்கும் முகம் தெரிகிறதே என்று கேட்கலாம். அங்கே கதை வேறு, அதன் தாடை பக்கவாட்டில் அசைவது, எலும்பே கிடையாது. ஆனாலும் அடியில் ஒரு உறவு இருக்கிறது. 1995-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கேரிங் குழுவினர், எலிக்குக் கண் வர வைக்கும் ஜீனை ஈயின் உடம்பில் வேறு இடங்களில் வேலை செய்ய வைத்தார்கள். அந்த இடத்தில் கண் முளைத்தது, அதுவும் எலிக்கண் இல்லை, ஈக்கண்.

இவ்வளவும் அசையாத முகம். உங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது, என் கணிப்பில், அசையும் முகத்தால். முகபாவம் காட்டும் தசைகள் பாலூட்டிகளுக்கு மட்டும்தான் உண்டு. ஓணானும் கோழியும் வாயைத் திறந்து மூடும், கண்ணை மூடும், அதற்கு மேல் அவற்றின் முகத்தில் ஒன்றும் நடக்காது. பால் குடிக்க உதடும் கன்னமும் வேண்டும் என்பதே இந்தத் தசைகள் வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் என்று சொல்வார்கள். பிறந்த கன்றின் வாயில் விரலை விட்டுப் பாருங்கள், அந்த இழுவை உங்களுக்கே புரியும். இந்தத் தசைகளின் அசைவுகளை மனிதருக்குச் செய்த மாதிரியே விலங்குக்கும் எண்ணியிருக்கிறார்கள். குதிரைக்கு 2015-ல் எண்ணியபோது 17 தனித்தனி அசைவுகள் கிடைத்தன, மனிதனுக்கு 27, நாய்க்கு 16, சிம்பன்சிக்கு 13. குதிரை சிம்பன்சியை மிஞ்சுவது நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் குதிரையின் காதையும் மூக்குத் துவாரத்தையும் உதட்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமில்லை.

குரங்கு மட்டும் ஏன் இத்தனை நெருக்கம்? அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதை கிட்டத்தில் உண்டு என்பது ஒன்று. நாய்க்கும் மாட்டுக்கும் உள்ள ஈர மூக்கு குரங்குக்கு இல்லை, அதனால் மேல் உதடு விடுபட்டு நன்றாக அசைகிறது. முகத்தில் மயிர் குறைவு, தோல் தெரிகிறது, சுருக்கம் தெரிகிறது. இரண்டு கண்ணும் முன்னால் பார்க்கின்றன. சோளிங்கரில் இருப்பவை நடு வகிடு எடுத்த தலைமயிருள்ள நாட்டுக்குரங்குகள், அந்த வகிடும் நெற்றிச் சுருக்கமும் சேர்ந்தால் வயதான ஒரு மனுசரை யாருக்கும் நினைவுபடுத்தும்.

ஆனால் முகம் ஒன்றாக இருப்பதால் முகபாவத்தின் பொருளும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் கடி வாங்க நேரும். நாட்டுக்குரங்கு உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டுகிறதென்றால் அது பயந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணை நேராகப் பார்த்து வாயைத் திறந்து புருவத்தை உயர்த்தினால் மிரட்டுகிறது. நாம் சிரித்துக்கொண்டே அதன் கண்ணைப் பார்த்துக் குனிவோம், அதன் கணக்கில் அப்படிக் கண்ணை நேராகப் பார்ப்பது சண்டைக்கு இழுப்பது. குழந்தைகள் இப்படியும் கடிபடுகிறார்கள். மலைக்குப் போனால் தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டாதீர்கள், கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய் தடுப்பூசி போடுங்கள்.

வலி மட்டும் வேறு மாதிரி. அதில் ஒற்றுமை நிஜமாகவே உதவுகிறது. 2010-ல் கனடாவில் எலிகளின் முகத்தை வைத்தே வலியை மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்கள், பிறகு குதிரை, செம்மறி, மாடு என்று அது விரிந்தது. கண் சுருங்கும், கண்ணுக்கு மேல் தசை இறுகும், காது பின்னுக்குப் போகும், மூக்குத் துவாரம் விரியும். வயிறு உப்பிய மாட்டை வாசலில் கட்டியிருக்கும்போதே பத்தடியில் இருந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தபடியேதான் உள்ளே போவேன். டார்வின் 1872-ல் மனிதர், விலங்கு முகபாவங்களை ஒப்பிட்டு ஒரு தனிப் புத்தகமே எழுதினார், அவர் தொட்ட பல விஷயங்கள் இன்றைக்குத் தொழுவத்தில் பயன்படுகின்றன.

இனி மூளையின் பங்கு. பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகூட முகம் மாதிரி வரைந்த படத்தை, அதே கோடுகளைக் கலைத்துப் போட்ட படத்தைவிட அதிகமாகத் தலையைத் திருப்பிப் பார்க்கிறது, 1975-லேயே இதைக் கவனித்திருக்கிறார்கள். முகத்துக்கென்றே சிறப்பாக வேலை செய்யும் ஒரு பகுதி மூளையின் அடிப்பக்கத்தில் இருப்பதை நான்சி கன்விஷர் குழுவினர் 1997-ல் காட்டினார்கள். மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு கிடைத்தால் போதும், அது முகம் என்று எழுதிவிடும். வேலூரைச் சுற்றியுள்ள பாறை மலைகளில் எந்தப் பாறையில் முகம் தெரியாமல் இருக்கிறது? 1976-ல் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த படத்தில் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு முகம் தெரிந்து உலகமே பேசியது. பின்னால் போன விண்கலம் தெளிவாகப் படம் எடுத்தபோது அது வெறும் மேடு. குரங்குகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, பொருள்களில் தற்செயலாகத் தெரியும் முகங்களை அவையும் முகமாகவே பார்க்கின்றன என்று 2017-ல் சோதித்திருக்கிறார்கள்.

நாம் அவற்றைப் பார்க்கிற மாதிரி அவையும் நம்மைப் பார்க்கின்றன என்பது எனக்கு இன்னும் பிடித்த விஷயம். செம்மறியின் மூளையில் முகத்துக்கென்று செல்கள் இருப்பதை 1987-ல் கண்டார்கள். 2001-ல் அதே ஆராய்ச்சியாளர்கள் வழியில், ஒரு செம்மறி 50 மற்ற செம்மறிகளின் முகத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் நினைவில் வைத்திருக்கும் என்று தெரிந்தது. வெள்ளாடுகளுக்கு ஒரே ஆளின் சிரித்த படத்தையும் கோபப் படத்தையும் வைத்துக் காட்டியபோது சிரித்த படத்துக்கே முதலில் போயின, அது 2018. ஜவ்வாது மலையில் ஆடு மேய்க்கிற பாட்டியிடம் கேட்டால் இரண்டையும் படிப்பில்லாமலே சொல்வார், தன் மந்தையில் எது எது என்று முகத்தைப் பார்த்தே பெயர் சொல்கிறவர் அவர்.

கண்ணைப் பற்றியும் கொஞ்சம். ஆட்டுக் கண்மணி கிடைமட்டமாகக் கோடு போட்ட மாதிரி இருப்பதால்தான் ஆட்டு முகத்தில் மனுசச் சாயல் கண்ணருகே வந்ததும் உடைந்துபோகிறது. அந்தக் கோடு அடிவானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க உதவுகிறது, தலையைக் குனிந்து மேயும்போதும் கண் சுழன்று கோட்டைத் தரைக்குச் சமமாகவே வைத்துக்கொள்கிறது. இரண்டு கண்ணும் முன்னால் இருந்தால் தூரத்தைச் சரியாக அளக்கலாம், கிளைக்குக் கிளை தாவுவதற்கும் இரையைப் பிடிப்பதற்கும் அது தேவை. குரங்கு, பூனை, தேவாங்கு, ஆந்தை எல்லாம் அந்த வகை. ஆந்தை முகத்தைப் பார்த்து ஊரே பயப்படுகிறது, அதுவும் வீட்டுக் கூரையில் உட்காரும் வெண்ணிறக் கூகை என்றால் கேட்கவே வேண்டாம். அந்த வட்ட முகம் சத்தத்தைக் காதுக்குக் குவிக்கும் இறகு அமைப்பு, அவ்வளவுதான். கண்ணை அசைக்க முடியாததால் கழுத்தைத் திருப்புகிறது. அதன் முகத்தில் கோபமோ சோகமோ காட்டத் தசையே கிடையாது. எலியைப் பிடித்துத் தின்னும் பறவை, விவசாயிக்கு நல்லதே செய்கிறது, தயவுசெய்து கல்லெறியாதீர்கள்.

நாய்க்கதை இன்னும் சுவாரசியம். உள்புருவத்தை உயர்த்திப் பாவமாகப் பார்க்கிறதே நாய், அந்த அசைவுக்கான தசை நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாயில் சில நார்கள்தான் என்று 2019-ல் அறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். குறைந்தது 15,000 ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்ததில், அப்படிப் பார்க்கத் தெரிந்த நாய்க்கு நாம் ஒரு கவளம் கூடுதலாகப் போட்டிருக்கலாம், அதன் குட்டிகள் பெருகியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அதாவது உங்கள் வீட்டு நாயின் முகத்தில் தெரியும் மனுசத்தன்மையில் ஒரு பங்கு மனிதர்கள் தங்களை அறியாமல் வளர்த்தெடுத்ததாக இருக்கலாம்.

நம் சிற்பிகளுக்கு இதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிகளைப் பாருங்கள், சிங்கமும் யானையும் இன்னும் என்னென்னவோ கலந்த முகம், ஆனாலும் ஒரு முகமாகவே நிற்கிறது. கண்ணும் மூக்கும் வாயும் எல்லா மிருகத்திலும் ஒரே வரிசையில் இருப்பதால்தான் ஒன்றின் மூக்கை எடுத்து இன்னொன்றின் கன்னத்துக்கு நடுவில் வைக்க முடிகிறது. சோளிங்கரிலேயே பெரிய மலையில் சிங்க முகத்தோடு யோக நரசிம்மர், சின்ன மலையில் குரங்கு முகத்தோடு யோக ஆஞ்சநேயர், இரண்டு பேரிடமும் மனிதர் கண்ணோடு கண் பார்த்துக் கும்பிட முடிகிறது. உங்கள் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு மட்டும் ஊர்வலமாக வரும்போது அவ்வளவு கூட்டமும் உருகுகிறதே, உடம்பு இல்லாமலே உறவு வந்துவிடுகிறது, முகம் போதும்.

கடைசிக் கேள்வி, மிருக முகம் இருந்தால் மிருக குணம் வருமா? வராது. இது இத்தாலியில் 1586-ல் டெல்லா போர்த்தா என்பவர் ஆளும் மிருகமும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து புத்தகம் போட்ட காலத்திலிருந்து, நம் சாமுத்திரிகா லட்சணம் வரை எல்லா நாட்டிலும் இருக்கிற நம்பிக்கை. ஆட்டு மூக்கு நீளமாக இருப்பது புல் மேய்வதற்கான பல்வரிசைக்கு இடம் வேண்டும் என்பதால். ஒரு மனுசருக்கு மூக்கு நீளமாக இருப்பது அவர் அப்பா அம்மாவால். இரண்டும் வேறு வேறு காரணம், இதில் குணம் எங்கிருந்து வந்தது? இந்த ஒப்பீடு வெறும் பொழுதுபோக்காகவும் நின்றதில்லை. முகத்தை வைத்துக் குற்றவாளி என்றும் தாழ்ந்தவர் என்றும் முத்திரை குத்தியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் குரங்கு மூஞ்சி, எருமை மூஞ்சி என்று கூப்பிட்டுப் பிள்ளைகளை நோகடிக்கிறார்கள். அப்படிக் கூப்பிடுகிற வாத்தியார் இருந்தால் நேராகப் போய்க் கேளுங்கள்.

முகத்தைப் பார்த்து உண்மையிலேயே என்ன படிக்கலாம் என்று தெரிய வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய் அனுபவமுள்ள ஒரு தரகரின் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் மூக்கு நுனியைப் பார்ப்பார், ஈரமாக வியர்த்திருந்தால் மாடு நலமாக இருக்கிறது, காய்ந்திருந்தால் காய்ச்சல் இருக்கலாம். கண் உள்ளே போயிருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. அப்புறம் ஒரு கையால் மூக்கைப் பிடித்து இன்னொரு கையால் கீழ் உதட்டை இறக்கிப் பல்லைப் பார்ப்பார். மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான், மேலே கெட்டியான ஈறு. நடுவில் இரண்டு பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் இரண்டு வயது வாக்கில், நாலு பல் என்றால் இரண்டரை, ஆறு பல் என்றால் மூன்று, மூன்றரை, எட்டும் வந்து கடை சேர்ந்துவிட்டால் நாலுக்கு மேல். அதற்கப்புறம் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பார்த்து முடித்ததும் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேச ஆரம்பித்துவிடுவார்.